மொய்யாக வைத்த பெயர்

என் செல்ல அம்மாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் வலி இல்லாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். நான் உன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்க மேசை விளக்கின் மேல் உன் துப்பட்டாவைப் போட்டிருக்கிறேன். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. நாளைக்கு அப்பா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார். நீ போகாத ஊர்களுக்கு நீ போனாய் என்றும், நீ பார்க்காத நோயாளிகளிடம் நீ கேள்வி கேட்டாய் என்றும் அதில் இருக்கும். உன்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் போடுகிறார். அதை ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். எழுதவேண்டிய வெள்ளைத் தாள் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. மருந்துக் கடை நன்றாகத்தான் நடக்கிறது. கடையை ஒட்டி நீ நோயாளிகளைப் பார்த்த அறையில் இப்போது திண்டுக்கல்லிலிருந்து ஒரு டாக்டர் வாரத்தில் சில நாள் சாயங்காலம் வந்து உட்காருகிறார். நல்லவர்தான், ஆனால் அதிகம் பேசமாட்டார். சாணார்பட்டிக்காரர்களுக்கு அது போதவில்லை. கோபால்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பாட்டி, அவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்து, “இந்தத் தம்பி ஊசி போட்டாரு சரி. வைய மாட்டேங்கிறாரே. நம்ம டாக்டரம்மா நாலு வசவு வஞ்சாத்தான எனக்குக் காய்ச்சலே எறங்கும்” என்று சொன்னது. அப்பா சிரித்தார். பிறகு மாத்திரை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்.

கடையில் உன் படம் மாட்டவில்லை. மாலை போட்ட படத்தை மருந்து வாங்க வருகிறவர்கள் பார்க்கக்கூடாதாம், மனசு விட்டுப்போகுமாம். அதற்குப் பதிலாக உன் பேப்பரின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு, ஃப்ரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

அது உனக்குத் தெரியாது இல்லையா? உன் முப்பதாம் நாள் முடிந்த பிறகு நிவேதா அக்கா கொண்டுவந்து கொடுத்த பக்கம் அது. உன்னோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மேற்படிப்புப் பயிற்சியில் சேர்ந்த அதே நிவேதா அக்காதான். அவர் உன்னை அக்கா என்பார், நானும் அவரை அக்கா என்பேன். “இது எந்த ஊரு முறை?” என்று அப்பா கேலி செய்வாரே. அன்றைக்கு அவர் அந்தப் பக்கத்தை நீட்டி, “ஏனுங்கண்ணா, அக்கா பேரு அச்சுல வந்திருக்குங்க” என்றார். மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வுக் கட்டுரை. சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் வரும் புண்ணைப் பற்றி, கிராமம் கிராமமாக விசாரித்து எழுதியது என்று போட்டிருந்தது. மேலே மூன்று பெயர்கள். முதலில் நிவேதா அக்கா, நடுவில் நீ, கடைசியில் துறையின் பெரிய டாக்டர்.

அப்பா உன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு வயசுக்கு மேல் படிக்கப் போகிறாளா என்று கேட்ட சொந்தக்காரர்களை எல்லாம் அந்த ஒரு வரியை வைத்து வாயடைத்துவிட்டார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் வந்தால் காட்டுகிறார். பூ ஏற்றிப் போகும் வேன் டிரைவர் தலைவலி மாத்திரை வாங்க வந்தாலும் காட்டுகிறார். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், மருந்தாளுநர் படிப்பு படித்தவர்தானே. ஆனால் அவர் படித்தது உன் பெயரை மட்டும்தான். மீதிப் பக்கங்களை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டார்.

நான்தான் எடுத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நிவேதா அக்கா நம் சமையலறையில் உட்கார்ந்து சப்பாத்திக்கு மாவு உருட்டிய சாயங்காலம்? உனக்கு வயிற்றில் கட்டி இருப்பது அப்போதுதான் தெரிந்திருந்தது. வைத்தியத்துக்கு மதுரைக்குப் போவதற்குச் சில நாள் இருந்தது. கடைசிப் பரீட்சைக்குள் ஒரு பேப்பராவது வெளியாக வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று பெரிய டாக்டர் சொல்லியிருப்பதாக அவர் புலம்பிக்கொண்டிருந்தார். வார்டில் விடிய விடிய வேலை, வீட்டில் கைக்குழந்தை, இதில் ஆராய்ச்சிக்கு எங்கே போவது என்று கேட்டார். வெளியே யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறார்களாம், அதற்கும் பயமாக இருக்கிறதாம்.

“என் பேப்பர்ல உங்க பேரப் போட்டுக்கிறனுங்க அக்கா. உங்க பூக்காட்டு ஆராய்ச்சி பேப்பரா வர்றப்ப எம்பேர நீங்க போட்ருங்க. ரெண்டு பேருக்கும் ரெண்டு பேப்பராச்சு” என்றார்.

நீ சிரித்தாய். “மொய் வைக்கிற மாதிரியா?”

“அதே தானுங்க. இன்னைக்கு நான் வைக்கறன், நாளைக்கு நீங்க திருப்பி வைங்க. எல்லா டிபார்ட்மெண்ட்லயும் நடக்கறதுதானுங்க.”

“பெரிய டாக்டரு பேரு?”

“அது எல்லாத்துலயும் கடைசில வருமுங்க. பத்திரிகைல தாய்மாமன் பேரு இல்லாம கல்யாணம் நடக்குமுங்களா?”

இரண்டு பேரும் அப்படிச் சிரித்தீர்கள். வெகுநாளைக்குப் பிறகு நீ சிரித்ததால் நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன பேச்சு என்று எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. நம் பக்கம் விசேஷத்துக்குப் போக முடியாதவர்கள் போகிறவர்களிடம் மொய் கொடுத்து அனுப்பி, பெயரைச் சொல்லி எழுதச் சொல்வார்களே, அது போல ஏதோ நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மதுரையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நாம் எடுத்துத் தங்கிய அறையில், ஒரு நாள் நிவேதா அக்கா போனில் கூப்பிட்டார். கட்டுரையை அனுப்பப் போவதாகவும், உன் சம்மதம் வேண்டும் என்றும் சொன்னார். உனக்கு மருந்து ஏறி முடிந்த மறுநாள். வாந்தி எடுத்துக் களைத்துப் போயிருந்தாய். “போட்டுக்க நிவி” என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். நான் கேட்டேன், நீ அந்த ஊர்களுக்கெல்லாம் எப்போது போனாய் என்று.

“நான் எங்கடி போனேன், உன் கூடத்தான இருக்கேன்” என்றாய். “அவ வேலை, எம் பேரு. ஒரு பேரு போட்டா அந்தப் புள்ளைக்கு ஒத்தாசையா இருக்கும்னா போட்டுட்டுப் போகட்டும். எம் பேருல என்ன தேயவா போகுது?”

தேயாது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நிவேதா அக்கா வந்தார். ஒட்டன்சத்திரத்தில் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொல்லி ஒரு பை நிறையக் காய்கறி கொண்டுவந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கடைசியாக உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்று கும்பிட்டார். அதன் பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அந்த இதழிலிருந்து சில சந்தேகம் கேட்டிருப்பதாக அப்பாவிடம் சொன்னார்.

பல நோயாளிகளுடைய பதில்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல இருக்கின்றனவாம். கையால் நிரப்பிய தாள்கள் எங்கே, யார் எந்த ஊருக்குப் போய் விசாரித்தார்கள் என்று கேட்கிறார்களாம். இதைப் பிறகு படியில் என்னிடம்தான் சொன்னார், அப்பாவிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. சின்ன விளக்கம்தான் என்றார். சாணார்பட்டிப் பக்கத்து ஊர்களை நீதான் பார்த்துக்கொண்டாய், தாள்கள் உன்னிடம்தான் இருந்தன, நீ போன பிறகு கிடைக்கவில்லை, இதை அப்பா ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார்.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீ எங்கெல்லாம் போனாய் என்று வெளியாள் ஒருவர் கேட்கிறார், அதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

“அவ போகாத ஊரு எது டாக்டரம்மா? எம்புட்டு ஊரு அலைஞ்சிருப்பா. வெயிலு மழைனு பாத்தாளா? எழுதித் தந்துட்டாப் போச்சு. பாப்பா இங்கிலீசு நல்லா எழுதும்.” என் பக்கம் திரும்பி, “நாளன்னைக்குள்ள எழுதிரு பாப்பா” என்றார்.

நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நிவேதா அக்கா என்னைப் பார்த்தார். சமையலறையில் அந்தச் சாயங்காலம் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பது அவருக்கும் அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். டீயை வாங்கும்போது அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

வழியனுப்பப் படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டார்.

“கண்ணு, எம்மேல கோவமா?”

நான் அவருடைய காலிப் பையை நீட்டினேன்.

“பாதி நான் போயி எடுத்ததுதான் கண்ணு. கன்னிவாடிப் பக்கம் வெயில்ல அலைஞ்சு எடுத்தேன். மீதிக்கு லீவு தரலை. கொழந்தைக்குக் காய்ச்சல். ராத்திரி டூட்டி ரூம்ல உக்காந்து நானே எழுதிட்டேன். எல்லாருக்கும் இப்படித்தான இருக்கும்னு நெனச்சு எழுதுனது.”

“அம்மா எழுதினாங்கன்னு சொல்றீங்களே அக்கா.”

அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். “இனி உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. எனக்கு ஆகும். படிப்பே போயிரும்.”

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. உனக்குத் தலைமுடி கொட்டியபோது மதுரைக்கு வந்து, உன் தலையை மழித்துவிட்டு, தன் கையால் எண்ணெய் தேய்த்துவிட்டவர் அவர். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவர் சொன்னது அன்றிலிருந்து காதிலேயே நிற்கிறது. இறந்துபோனவர்களுக்கு ஒன்றும் ஆகாதா அம்மா? நீதான் சொல்ல வேண்டும். உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

பள்ளிக்கூடத்தில் இரண்டு நாளாக எதுவும் மண்டையில் ஏறவில்லை. வேதியியல் மிஸ் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். அளவு சரியாக வராத பிள்ளைகள் பக்கத்துப் பெஞ்சுக்காரியின் விடையைப் பார்த்து எழுதினார்கள். எப்போதும் நடப்பதுதான், நானே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் நான் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மிஸ் கேட்டார்கள், உடம்பு சரியில்லையா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் உன் பூக்காடுதான் ஞாபகம் வந்தது. உன் சொந்த ஆராய்ச்சி. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற பெண்கள், மல்லிகை பறிக்க விடியுமுன்னே காட்டுக்குப் போய் அங்கேயே மயங்கி விழுகிறார்கள். கண்பட்டுவிட்டது, காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று திருநீறு பூசி உட்காரவைக்கிறார்கள். நீ மட்டும்தான் அவர்கள் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டாய். அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். ஈரத்தில் செருப்பு வழுக்கியது. ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு சின்ன லைட் கட்டியிருந்தது, தூரத்திலிருந்து பார்க்க செடிகளுக்குள்ளே நட்சத்திரம் நகர்கிற மாதிரி இருந்தது. நீ வரப்பில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொருவர் விரலையும் குத்தி ரத்தம் எடுத்தாய்.

“மாத்திரையப் போட்டியா?”

“போட்டேன் தாயி. நீங்க சொன்னா தட்டுவனா?”

“சாப்ட்டியா?”

“பொழுது விடியாம என்னத்தச் சாப்பிட? பூவு மலந்துட்டா வெலை போச்சே.”

“அப்ப மாத்திரை மட்டும் எதுக்குடி, உன்னைய மலர விடாமப் பண்றதுக்கா?”

பூப் பறிக்கிற அந்த அத்தைகள் எல்லாரும் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஒரு விஷயம் நடந்தது. திரும்பி வரும்போது பாதி வழியில் நீ வண்டியை நிறுத்தினாய். கடைசியாகப் பார்த்த அத்தை அன்றைக்கு மாத்திரை போட்டதாகச் சொன்னாரா, முந்தின நாள் போட்டதாகச் சொன்னாரா என்று உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குப் பசி. ஏதாவது ஒன்றை எழுதிக்கொள் அம்மா, ஒரு ஆள்தானே என்றேன். நீ வண்டியைத் திருப்பினாய். திரும்பிப் போய் அந்த அத்தையைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டுத்தான் வந்தாய்.

வழியில் சொன்னாய், “இதப் படிச்சிட்டு எங்கயோ ஒரு டாக்டர் எவளோ ஒருத்திக்கு மாத்திரை எழுதுவாரு பாப்பா. அவ நம்மளப் பாத்தது கூட இருக்காது. நம்ம எழுதுனத நம்பித்தான் அவ அத முழுங்குவா.”

அம்மா, அதைச் சொன்ன நீயும், மதுரையில் கட்டிலில் படுத்துக்கொண்டு “போட்டுக்க நிவி” என்று சொன்ன நீயும் ஒரே ஆள்தானா? அந்தக் கால் புண் பேப்பரையும் எங்கோ ஒரு டாக்டர் படிக்கத்தானே செய்வார்? உனக்கு உடம்பு முடியவில்லை, யோசிக்கத் தெம்பில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது பாதி உண்மை. சமையலறையில் சிரித்தபோது உனக்குத் தெம்பு இருந்தது. எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் உனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இதை உன்னிடம் சொல்லவே எனக்கு நாக்கு எழவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீயும் நாலு வசவு வைதுவிட்டு, சாப்பிடும் நேரத்துக்குள் நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டிருப்பாய். இப்போது நான் ஒருத்தியே இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கிறது.

உன் பூக்காட்டு ஆராய்ச்சி இன்னும் அச்சில் வரவில்லை. நீ முடித்த வரைக்கும் உன் கைடு மேடத்திடம் இருக்கிறது. நீ ஈரத்தில் நின்று செய்த வேலையில் உன் பெயர் எங்கும் இல்லை. நீ எட்டிக்கூடப் பார்க்காத வேலையில் உன் பெயர் கண்ணாடிக்குள் தொங்குகிறது. நான் உண்மையைச் சொன்னால் அந்த ஒன்றும் போய்விடும். அப்பாவிடம் வேறு என்ன இருக்கிறது காட்டிக்கொள்ள?

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பார்த்தேன். நிவேதா அக்கா தப்பித்துக்கொள்ளலாம். அந்த இதழ்க்காரர்கள், பொய்யாக எழுதியவர் இறந்துபோனவர் என்று குறித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்வார்கள், ஜெயந்தி மேடமா அப்படிச் செய்தார் என்று. அதன் பிறகு உன் பூக்காட்டு ஆராய்ச்சியை யார் நம்புவார்கள்? அந்த அத்தைகள் விரலைக் கொடுத்தது எல்லாம் வீணா? எந்த டாக்டராவது அதைப் படித்துவிட்டு, மாத்திரை எழுதும்போது “காலைல எத்தன மணிக்கு வேலைக்குப் போவ?” என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடும் என்றுதானே நீ எழுதினாய்?

ஒன்றும் ஆகாது என்றாரே நிவேதா அக்கா. ஆகும் அம்மா. எனக்கு இப்போது தெரிகிறது.

ஆனால் தெரிவது வேறு, சொல்வது வேறு. நான் பதினொன்றாம் வகுப்புப் பெண். அவர்கள் எல்லாரும் டாக்டர்கள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்டால்? பெரிய டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டால்? நிவேதா அக்காவின் படிப்பு என்னால் போனது என்று அந்தக் குழந்தை வளர்ந்து கேட்டால்? எல்லாவற்றையும் விட, அப்பாவின் முகம். அதைப் பார்க்கிற தைரியம்தான் எனக்கு இல்லை.

இன்றைக்குச் சாப்பிடும்போது முயற்சி செய்தேன். அப்பா வெண்டைக்காய் வெஞ்சனம் வைத்திருந்தார். இப்போது நன்றாகவே வைக்கிறார், உப்பு மட்டும் கூடிவிடுகிறது. எழுதிவிட்டாயா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

“என்ன பாப்பா, நாளைக்கு டாக்டரம்மா வாரேன்னாங்கள்ல. உங்கம்மா பத்தி நாலு வரி எழுத உனக்கு இம்புட்டு யோசனையா?”

“அப்பா, அந்தப் பேப்பர்ல எந்த மாசம் ஊருக்குள்ள போயி விசாரிச்சாங்கன்னு போட்டிருக்கே, பாத்தீங்களா?”

அப்பா கை சோற்றில் நின்றது. “எந்த மாசம்?”

நான் சும்மாதான் கேட்டேன் என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டை முடிக்காமல் கை கழுவினார். இப்போது கூடத்தில் தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா, இதை எழுத ஆரம்பித்தபோது என்ன செய்வது என்று உன்னைக் கேட்கத்தான் நினைத்தேன். எழுதிக்கொண்டே வந்ததில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. நீ செய்ததையும் சேர்த்துத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கும். ஊர்களுக்கு நீ போகவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. போகாமலே பெயரைக் கொடுத்தாய் என்பதையும் சொல்ல வேண்டும். என் மேல் உனக்குக் கோபம் வருமா?

வந்தால் வரட்டும். நீ வண்டியைத் திருப்பிய நாளில் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தவள்தானே.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அப்பா கேட்ட பொய்யை நான் எழுத மாட்டேன். நிவேதா அக்கா வரும்போது ஒளிந்துகொள்ள மாட்டேன். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்கா முகத்தைப் பார்த்தே சொல்வேன், உன் பெயரை அதிலிருந்து எடுத்துவிடச் சொல்லி. உண்மையை அவரே அவர்களுக்கு எழுதட்டும் என்று கேட்பேன், கெஞ்சியாவது கேட்பேன். உன் கைடு மேடத்தைப் பார்க்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவேன், பூக்காட்டு வேலை என்ன ஆயிற்று என்று.

அதற்கெல்லாம் முன்னால், விடிந்ததும், அவர் கடையைத் திறக்கக் கீழே இறங்குவதற்குள், சாப்பிடும்போது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேன்.

“மே மாசம்ப்பா” என்று மட்டும் சொல்வேன். அவருக்கு வேறு எதையும் விளக்க வேண்டியிருக்காது. அந்த மே மாதம் முழுக்க, தினமும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, உனக்குக் கஞ்சியும் எனக்குச் சோறும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, மதுரைக்குப் பஸ் ஏறி வந்தவர் அவர்தான்.

நீ பெற்ற ஒரே பிள்ளையான,
உன் ஹரிணிப் பாப்பா